காணாமல்போன ஹானிபல்

1940-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, ஈரானின் தென்கரையில் உள்ள ஜாஸ்க் என்னும் சிற்றூரிலிருந்து ஷார்ஜாவை நோக்கி ஒரு பயணிகள் விமானம் புறப்பட்டது. இடையில் இருந்தது ஓமன் வளைகுடா. விமானத்தில் பணியாளர்கள் நால்வர், பயணிகள் நால்வர். பயணிகளில் ஒருவர் நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான சர் ஏ.டி. பன்னீர்செல்வம். லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்க அவர் சென்றுகொண்டிருந்தார். விமானம் ஷார்ஜாவைச் சென்றடையவே இல்லை. உடைந்த பாகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.

பன்னீர்செல்வத்தை நாம் அறிவோம். தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர். வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் பங்கேற்றவர். 1937-இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். கட்டாய இந்தியை எதிர்த்துப் பெரியாரோடு நின்றவர். அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ‘விமான விபத்தில் மறைந்தார்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த விமானம் எது, அது எப்படி உழைத்தது, எத்தனை முறை தவறி விழுந்து எழுந்தது என்பதை நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், விமானப் பாதுகாப்பு குறித்து இன்றும் நமக்கு உதவக்கூடிய ஒரு பாடம் அதில் இருப்பதைக் கண்டிருப்போம் என்பது என் கருத்து.

அந்த விமானத்தின் பெயர் ஹானிபல். பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம், இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காகக் கட்டிய ‘எச்.பி. 42’ வகையில் முதலாவது. 1930 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 1931 ஜூனில் பயணிகள் சேவைக்கு வந்தது. மொத்தம் கட்டப்பட்டவை எட்டே எட்டு விமானங்கள்தாம். ஹானிபல், ஹேட்ரியன், ஹேனோ, ஹோர்சா ஆகிய நான்கும் கெய்ரோவைத் தளமாகக் கொண்டு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பறப்பதற்காக உருவாக்கப்பட்டவை. ஹெராக்ளிஸ், ஹொரேஷியஸ், ஹெங்கிஸ்ட், ஹெலனா ஆகிய நான்கும் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்வதற்கானவை.

இன்றைய கண்களுக்கு அது விந்தையான தோற்றம் கொண்டது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். மேல் இறக்கையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு எஞ்சின்கள். இறக்கைகளைத் தாங்குவதற்கு, அக்காலத்து வழக்கப்படி கம்பிகளை இழுத்துக் கட்டாமல், பாலங்களில் காணப்படுவது போன்ற முக்கோணச் சட்டங்களைப் பொருத்தியிருந்தார்கள். இறக்கைகளின் மேற்போர்வை துணி. உடலின் முன்பகுதி உலோகத் தகடு, பின்பகுதி மீண்டும் துணி. விமானிகள் காற்றிலும் மழையிலும் திறந்த இருக்கையில் அமர்ந்து ஓட்டிய காலத்தில், அவர்களுக்கு மூடிய அறை இதில் கிடைத்தது.

பயணிகளின் அறை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒன்று இறக்கைக்கு முன்னால், மற்றொன்று பின்னால். எஞ்சின்களின் இரைச்சல் மிகுந்த நடுப்பகுதியில் கழிவறைகளும், உணவு தயாரிக்கும் இடமும், தபால் மூட்டைகளும் வைக்கப்பட்டன. கீழ் இறக்கையின் உட்பகுதியை மேல்நோக்கிச் சாய்த்து, அதன் தாங்குசட்டங்கள் பயணிகள் அறையைக் குறுக்கே வெட்டாமல் கூரைக்கு மேலாகச் செல்லும்படி அமைத்தார்கள். உள்ளே முதல் வகுப்பு ரயில் பெட்டியைப் போல மெத்தை நாற்காலிகள். மேசையில் உணவு பரிமாறப் பணிப்பாளர்கள். ஐரோப்பியத் தடத்தில் 38 பேர் பயணம் செய்யலாம். கிழக்குத் தடத்தில் தபாலுக்கும் மூட்டைகளுக்கும் இடம் வேண்டியிருந்ததால் அதிகபட்சம் 24 பேர்.

இத்தனை வசதிக்கும் கொடுத்த விலை வேகம். மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் என்பதே அதன் பயண வேகம். எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரையைப் பொறுத்தவரை அது 100 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். கீழே ஓடும் விரைவு ரயிலுக்கு அது போட்டியாக இருக்க முடியாது. எதிர்க்காற்றையும் விமானத்தோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள் என்று டச்சு வடிவமைப்பாளர் அந்தோணி ஃபாக்கர் கேலி செய்ததாகச் சொல்வதுண்டு. ஒரே மூச்சில் அது பறக்கக்கூடிய தொலைவு சுமார் 800 கிலோமீட்டர். ஆகவே கெய்ரோவிலிருந்து கராச்சிக்கு வர, காசா, ருத்பா, பாக்தாத், பாஸ்ரா, குவைத், பஹ்ரைன், ஷார்ஜா, குவாதர் எனத் தத்தித் தத்தி வரவேண்டியிருந்தது.

இந்தத் தடம் அமைந்த கதையும் எளிதானதன்று. 1929 மார்ச்சில் லண்டன்-கராச்சி சேவை தொடங்கியபோது விமானங்கள் பாரசீகத்தின் தென்கரை வழியாகச் சென்றன. அந்த அனுமதி 1932-இல் முடிவுக்கு வந்ததும், அரேபியக் கரைக்கு மாற வேண்டியதாயிற்று. ஷார்ஜாவின் ஆட்சியாளரோடு ஒப்பந்தம் செய்து, மணல்வெளியில் தரையிறங்கும் இடமும், பயணிகள் இரவு தங்கக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் அமைத்தார்கள். 1932 அக்டோபர் 5-ஆம் தேதி முதன்முதலாக அங்கே இறங்கியது, ஹானிபலின் உடன்பிறப்பான ஹேனோ. அந்தக் கோட்டை இன்று அருங்காட்சியகம். விமானங்கள் ஓடிய பாதை நகரின் சாலையாகிவிட்டது. வளைகுடாவுக்கு வேலை தேடிச் செல்லும் நம்மவர்கள் பலர், அந்த மண்ணின் முதல் விமான ஓடுபாதை அது என்பதை அறியாமலேயே அச்சாலையைக் கடந்திருப்பார்கள்.

அதே அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சியில் இறக்கிய லண்டன் தபாலைத் தெற்கே கொண்டுசேர்ப்பதே அந்தச் சேவையின் நோக்கம். ஆக, பாலைவனத்தில் தத்தி வந்த அந்த இரட்டை இறக்கை விமானங்களின் உழைப்பு சென்னை அஞ்சலகம்வரை நீண்டிருந்தது.

இனி விபத்துகளுக்கு வருவோம். 1931 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, சேவைக்கு வந்து இரண்டே மாதங்களில், ஹானிபல் கிராய்டனிலிருந்து பாரிஸுக்குச் சென்றுகொண்டிருந்தது. வழியில் ஓர் எஞ்சின் பழுதானது. அதன் சேதத்தால் இரண்டாவது எஞ்சினையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கெண்ட் மாவட்டத்தின் வயல்வெளி ஒன்றில் விமானி அதை இறக்கினார். வால்பகுதி உடைந்தது. பயணிகள் அனைவரும் காயமின்றி இறங்கினார்கள். விமானத்தைப் பிரித்துச் சாலை வழியாகக் கிராய்டனுக்குக் கொண்டுசென்று, பழுதுபார்த்து, மீண்டும் பறக்கவிட்டார்கள்.

1936 ஆகஸ்டில் ஹோர்சா, இரவு நேரத்தில் பஹ்ரைனைத் தவறவிட்டுத் தெற்கே வெகுதூரம் சென்றுவிட்டது. எரிபொருள் குறைந்த நிலையில் அரேபியப் பாலைவனத்தில் இறங்கியது. மறுநாள் தேடிவந்த பிரிட்டிஷ் விமானப்படை விமானங்கள் அதைக் கண்டுபிடித்தன. அனைவரும் உயிர் தப்பினர். பின்னர் அந்த விமானமும் மீட்கப்பட்டுச் சேவைக்குத் திரும்பியது.

1937 மே 31-ஆம் தேதி ஹெங்கிஸ்ட் எரிந்து சாம்பலானது. வானத்தில் அல்ல, கராச்சியில் கொட்டகைக்குள் நிறுத்தி வைத்திருந்தபோது. அந்தக் கொட்டகைக்கும் ஒரு சோக வரலாறு உண்டு. ‘ஆர் 101’ என்னும் மாபெரும் ஆகாயக் கப்பல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்து தங்குவதற்காகக் கட்டப்பட்டது அது. 1930 அக்டோபரில் புறப்பட்ட அந்தக் கப்பல் பிரான்ஸின் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. 48 பேர் மாண்டனர். வராத கப்பலுக்காகக் கட்டிய கொட்டகை, ஏழாண்டுகளுக்குப் பின் வேறொரு விமானத்தின் சிதையாயிற்று.

இவ்வளவும் நடந்தும், 1939-இல் போர் மூளும்வரை எச்.பி. 42 வகை விமானங்களில் பயணி ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. இது நிறுவனத்தின் பொதுவான திறமையால் மட்டுமே கிடைத்த பெருமை என்று சொல்ல முடியாது. ஏனெனில், அதே இம்பீரியல் ஏர்வேஸின் பிற விமானங்கள் அதே ஆண்டுகளில் பலரைப் பலிகொண்டன. 1933 மார்ச்சில் பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட் நகருக்கு அருகே ‘சிட்டி ஆஃப் லிவர்பூல்’ வானிலேயே தீப்பற்றி விழுந்தது. 15 பேர் இறந்தனர். 1935 டிசம்பர் 31-ஆம் தேதி ‘சிட்டி ஆஃப் கார்ட்டூம்’ என்னும் கடல் விமானம், அலெக்சாந்திரியாவை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது. 12 பேர் இறந்தனர்.

அப்படியானால் எச்.பி. 42 மட்டும் எப்படித் தப்பியது? அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் முதன்மையான காரணம் அதன் மந்தகதிதான். பெரிய இறக்கைகளால் மிகக் குறைந்த வேகத்திலும் அது காற்றில் மிதந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் தரையைத் தொட முடிந்தது. அந்த வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதை தேவையில்லை. ஒரு வயல் போதும், கெட்டியான மணல்வெளி போதும். நான்கு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும் மற்றவை தாங்கும். மோதும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும் என்பது பள்ளிப் பாடம். வேகம் இருமடங்கானால், மோதலின் கொடுமை நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகப் பறந்த விமானத்தில், பழுதுக்கும் மரணத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. சுருங்கச் சொன்னால், அது பிழை பொறுக்கும் இயந்திரம்.

அந்தப் பொறுமை உலகச் சந்தையில் விலைபோகவில்லை. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் போட்டியில், டச்சு நிறுவனமான கே.எல்.எம்., பயணிகளோடும் தபாலோடும் பறந்த ‘டி.சி. 2’ விமானத்தைக் கொண்டு இரண்டாமிடம் பெற்றது. முழுதும் உலோகத்தாலான, ஒற்றை இறக்கை கொண்ட, சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் அமெரிக்க விமானம் அது. துணிபோர்த்திய இரட்டை இறக்கைகளின் காலம் முடிந்தது என்பது அன்றே உலகுக்குப் புரிந்துவிட்டது. ஆயினும் எச்.பி. 42 விமானங்கள் மேலும் ஐந்தாண்டுகள் உழைத்தன. ஹெராக்ளிஸ் மட்டுமே 10 லட்சம் மைல்களுக்கு மேல் பறந்திருந்தது.

போர் அவற்றைத் தின்றுவிட்டது. 1939 நவம்பரில் ஹொரேஷியஸ், டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டன் நகரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இறங்க முயன்று சிதைந்தது. 1940 மார்ச் 19-ஆம் தேதி, பிரிஸ்டலுக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஹேனோவும் ஹெராக்ளிஸும் சூறைக்காற்றில் ஒன்றோடொன்று மோதி அழிந்தன. ஆகஸ்டில் ஹோர்சா, கட்டாயத் தரையிறக்கத்துக்குப் பின் எரிந்தது. டிசம்பரில் ஹேட்ரியன், டான்காஸ்டரில் கட்டு அறுந்து, காற்றில் புரண்டு, ரயில் தண்டவாளத்தின்மேல் தலைகீழாகக் கிடந்தது. எஞ்சிய ஹெலனாவும் பிரித்தெடுக்கப்பட்டது. எட்டில் ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் முழுதாக இல்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவில்தான், மார்ச் முதல் நாள், ஹானிபலின் மறைவு. பன்னீர்செல்வத்தோடு சென்ற பயணிகளில், முதல் உலகப் போரில் புகழ்பெற்ற விமானியான ஹரால்ட் விஸ்லரும் இருந்தார். வயலில் இறங்கித் தப்பிய விமானம், கடலின்மேல் இறங்க இடமின்றிப் போயிருக்கலாம். எஞ்சின் பழுதா, எரிபொருள் கோளாறா, துணிப்போர்வையும் சட்டங்களும் பத்தாண்டு உழைப்பில் தளர்ந்திருந்தனவா? எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்வதற்குச் சிதைவு வேண்டும், சிதைவு கிடைக்கவில்லை. போர்க்காலம் என்பதால் தேடலுக்கும் எல்லை இருந்தது. ‘அமைதிக்காலத்தில் ஒரு பயணிகூட இறக்கவில்லை’ என்ற பெருமைக் கணக்கில், போர் தொடங்கி ஆறு மாதங்களுக்குப் பின் மறைந்த எட்டு பேருக்கு இடமில்லாமல் போனதையும் இங்கே சொல்ல வேண்டும். கணக்கைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால், எந்தக் கணக்கிலும் எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தே பெருமை அமைகிறது என்பதை வாசகர் மறக்கக்கூடாது.

விபத்துகளிலிருந்து கற்க முடியும் என்ற எண்ணம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1924 டிசம்பர் 24-ஆம் தேதி இம்பீரியல் ஏர்வேஸின் ‘டி.எச். 34’ விமானம் கிராய்டனிலிருந்து கிளம்பியவுடன் விழுந்து எட்டு பேர் இறந்தபோது, பிரிட்டனில் முதன்முறையாக ஒரு பயணிகள் விமான விபத்துக்குப் பகிரங்க விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாகக் கிராய்டன் விமான நிலையம் விரிவாக்கப்பட்டது. மக்கள் கண்ணெதிரே நடந்த விசாரணை, மக்களுக்குப் பயன்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1954 ஜனவரியில், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான ‘காமெட்’ இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. இம்முறை கடலடியிலிருந்து சிதைவுகளை மேலே கொண்டுவந்தார்கள். மற்றொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மீண்டும் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தினார்கள். உலோகச் சோர்வே காரணம் என்று தெரிந்தது. அதற்குப் பின் வந்த ஜெட் விமானங்களின் வடிவமைப்பே மாறியது. அந்த விசாரணையில் பங்கேற்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன்தான், விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் பதிவுசெய்து, விபத்துக்குப் பின்னும் மிஞ்சக்கூடிய பெட்டி ஒன்றை முன்மொழிந்தார். நாம் இன்று கறுப்புப் பெட்டி என்பது அதைத்தான்.

இங்கேதான் எச்.பி. 42-இன் கதை நமக்குப் பொருள்படுகிறது. அந்த விமானம் தன் மந்தகதியால் பயணிகளைக் காத்தது. இன்றைய விமானம் அதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் செல்கிறது. வயலில் இறங்கித் தப்பும் வாய்ப்பு அதற்கு ஏறக்குறைய இல்லை. ஆயினும் இன்றைய விமானப் பயணம் 1930-களின் பயணத்தைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. வேகம் பறித்துக்கொண்ட பாதுகாப்பை, அறிவு திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு விபத்தின் காரணமும் கண்டறியப்பட்டு, வெளியிடப்பட்டு, உலகெங்கும் பகிரப்பட்டதால் திரண்ட அறிவு அது. பழி சுமத்துவதற்காக அன்றி, அடுத்த விபத்தைத் தடுப்பதற்காகவே விசாரணை என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி கூறுவதும் இதனால்தான். விசாரணை மழுங்கினால், மந்தகதியின் பாதுகாப்பும் இல்லை, அறிவின் பாதுகாப்பும் இல்லை என்ற நிலையில் நாம் நிற்போம்.

2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் நடந்த விபத்தில், விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தனர். ஒரு மாதத்தில் வந்த முதற்கட்ட அறிக்கை, எஞ்சின்களுக்கு எரிபொருள் செல்வதை நிறுத்தும் விசைகளின் நிலை மாறியதைச் சொன்னது. விமானிகளின் உரையாடலில் ஓரிரு வரிகளின் சாரத்தை மட்டும் தந்தது. பேசியவர் யார் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை உலகெங்கும் ஊகங்கள் நிரப்பின; இறந்துபோன விமானிகளின்மீது தீர்ப்புகள் எழுதப்பட்டன. சொல்ல முடிந்ததைத் தெளிவாகச் சொல்வது, சொல்ல முடியாததற்குக் காரணம் கூறுவது, கெடு தாண்டும்போது அதையும் மக்களுக்குத் தெரிவிப்பது ஆகியவை விசாரணை அமைப்பு காட்டும் சலுகைகள் ஆகா, அதன் கடமைகள்.

கடலில் மறைந்தவற்றைத் தேடுவதும் அத்தகைய கடமையே. 2016 ஜூலை 22-ஆம் தேதி, தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குப் புறப்பட்ட விமானப்படையின் ‘ஏ.என். 32’ விமானம் 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. பெரும் தேடல் நடந்தும் அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அரசு அதை அறிவித்தது. இறந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால், அத்தனை ஆண்டுகள் எங்கே என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்கு, ஓர் இடம் கிடைத்தது. 2014-இல் 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370-இன் குடும்பங்கள், அந்த ஓர் இடத்துக்காகத்தான் இன்னும் போராடுகின்றன.

தேடலுக்கு ஆகும் செலவு வீண் என்று சொல்வோர் உண்டு. இறந்தவர்கள் இறந்துவிட்டார்கள், கடலைத் துழாவி என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. ஹானிபலின் கதை அவர்களுக்கு நல்ல விடை. கெண்ட் வயலில் உடைந்த வாலைக் கண்டார்கள், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், சரிசெய்தார்கள், அதே விமானம் மேலும் எட்டரை ஆண்டுகள் பறந்தது. ஓமன் வளைகுடாவில் ஒன்றையும் காணவில்லை. ஆகவே அந்த எட்டு உயிர்களின் இழப்பு யாருக்கும் எதையும் கற்பிக்கவில்லை. ஒரு விபத்தைவிடக் கொடியது, காரணம் தெரியாத விபத்து. அடுத்த விமானத்தில் ஏறப்போகும் நாம் ஒவ்வொருவரும் அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை உடையவர்கள். அதைத் தேடிக் கண்டறிந்து முழுமையாகச் சொல்லும் பொறுப்பு அரசுகளுடையது.